ஆணியில் தொங்கிய மிதப்பு

கிழக்கே கடல் வெளுக்கும் முன்னமே இறால் ஷெட்டுக்குள் ஐஸ் உடைக்கிற சத்தம் ஆரம்பித்துவிடும். மரச்சம்மட்டி கட்டியின் மேல் விழ விழ, தெறிக்கிற தூள் வரிசையாகப் பலகைத் துண்டுகளில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் பாதங்களில் வந்து அப்பும். அந்தக் குளிரில் முதல் இறாலைக் கையில் எடுப்பதுதான் பெரிய பாடு. ஒரு சட்டி உரித்து முடிப்பதற்குள் விரல் மரத்துவிடும். அப்புறம் வலி தெரியாது. வலி தெரியாமல் போவது நல்லதா கெட்டதா என்று இசபெல்லாவுக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. வலி தெரியாத நேரத்தில்தான் இறாலின் தலைக்கொம்பு நகக்கண்ணுக்குள் ஏறிவிடுகிறது. வீட்டுக்குப் போய்க் குசினியில் சுடுதண்ணீரைத் தொடும்போதுதான் எங்கெங்கே குத்தியிருக்கிறது என்று கை சொல்லும்.

தலையைக் கிள்ளு, ஓட்டை உரி, முதுகைக் கீறு, கறுப்பு நரம்பை இழு, சட்டியில் போடு. மற்றப் பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்கிற வேலையை இசபெல்லா மனசுக்குள் வரிசை சொல்லிக்கொண்டே செய்வாள். இந்த ஷெட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. வரிசையை விட்டால் ஏதாவது தவறிவிடுமோ என்று பயம். சாயங்காலம் கோயில் பள்ளிக்கூடத்து மாலை வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. தனித்தேர்வுக்குப் படிக்கிறாள், அங்கேயும் அப்படித்தான். விடை எழுதிய பிறகு, இது சரிதானா என்று பக்கத்தில் இருப்பவளைக் கேட்பாள். அவளுக்கு இவளை விடக் குறைவாகத் தெரியும் என்று தெரிந்தும் கேட்பாள்.

"ஏளா பெல்லா, இறாலுக்கு மந்திரம் ஓதுதியா? ஒதடு அசையுது பாரு" என்றாள் ஹில்டா. "மோட்சத்துக்குத்தான் அனுப்புத. ஒழுங்கா அனுப்பு."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஹில்டாவின் புருஷன் கொழும்புக்குத் தோணியில் போய்த் திரும்பி வராதவன். அவளுடைய நாக்குக்கு மேனேஜரே கொஞ்சம் பயப்படுவார்.

வாசல் பக்கம் மணல் குவித்து ஒரு தண்ணீர்ப் பானை வைத்திருந்தது. மேலே தட்டு, தட்டின் மேல் ஒரு செம்பு. பார்க்க வருகிற அதிகாரிகளுக்காக வைத்த பானை அது. பெண்கள் யாரும் அதன் பக்கம் போவதில்லை. முந்தின நாள் ராத்திரிச் சோற்றோடு தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். காலையில் காப்பி கிடையாது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்போது உதட்டை எச்சிலால் நனைத்துக்கொள்வார்கள். குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமானால் கட்டை வேண்டும்.

கட்டை என்பது மேனேஜர் கிருபாநிதி கண்டுபிடித்த ஏற்பாடு. நாசரேத்துப் பக்கம் ஊர், பி.ஏ. படித்தவர், ஷெட்டுக்குள் வரும்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் வருவார். பெண்கள் அடிக்கடி வெளியே போய்ப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள் என்று அவருக்கு ஒரு குறை. இசபெல்லா வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் கரையில் ஒதுங்கிக் கிடந்த மிதப்புக் கட்டை ஒன்றை எடுத்து வந்தார். வலையின் மேல்விளிம்பு தண்ணீருக்குள் முங்கிவிடாமல் இருக்க வரிசையாகக் கட்டுவார்களே, உள்ளங்கை அகலத்தில், நடுவில் துவாரத்தோடு, அந்த மரக்கட்டை. அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, நைலான் கயிறு கோத்து, தன் மேஜைக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். வெளியே போகிறவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்து மாட்ட வேண்டும். கட்டை ஆணியில் இல்லாவிட்டால் அடுத்தவள் எழுந்திருக்கக் கூடாது. ஷெட் முழுவதற்கும் ஒரே கட்டை.

அன்றிலிருந்து ஒரு காரியம் நடந்தது. அதை இசபெல்லா கவனித்தாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு ஒருத்தி போனால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் அவளைத் திட்டினார்கள். "போயிட்டு வாராளா, பிள்ளை பெத்துட்டு வாராளா?" என்றார்கள். திரும்பி வருகிறவள் குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். கடற்கரைத் தெருப் பெண்கள் குழாய்ப் பக்கமும், உப்பளத்து ஓரக் குடிசைகளிலிருந்து வருகிறவர்கள் சாக்கடைப் பக்கமும் உட்காருவது பழைய வழக்கம். கட்டை வந்த பிறகு அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே பகை முளைத்தது. அவளுகதான் கட்டையை விடாமல் வைத்துக்கொள்கிறாளுகள் என்று இவர்களும், இவளுகதான் என்று அவர்களும். மேனேஜரை மட்டும் யாரும் திட்டவில்லை.

சுவரில் அவர் தலைக்கு மேலே புதிதாக எழுதியிருந்தது: பேச்சைக் குறை, உழைப்பைப் பெருக்கு. ஊரெங்கும் அப்போது அதே எழுத்துதான். எமர்ஜென்சி வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. துறைமுகத்துத் தொழிற்சங்க ஆபீஸில் பூட்டுத் தொங்கியது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அருமைநாயகம் எந்த ஜெயிலில் இருக்கிறான் என்று அவன் பெண்டாட்டிக்கே தெரியவில்லை.

அன்றைக்குப் போட்டுகளில் இறால் கொள்ளை கொள்ளையாக வந்திருந்தது. மத்தியானத்துக்குள் கொச்சிக்கு லாரி போக வேண்டும். மேனேஜர் நடந்துகொண்டே இருந்தார்.

விடிந்ததிலிருந்தே இசபெல்லாவுக்கு அடிவயிறு கனத்தது. மூன்று பேர் போய் வரும்வரை காத்திருந்து, நான்காவதாகக் கட்டையை எடுத்தாள். எடுக்கும்போது எதிர்ச் சாக்கடை வரிசையில் பேச்சி நிமிர்ந்து பார்த்தது தெரிந்தது. பேச்சிக்கு ஒரு வாரமாக நீர்க்கடுப்பு. அடக்கி அடக்கி வந்தது. அவள் முகம் மஞ்சளாக இருந்தது. இவளைப் போகச் சொல்லலாமா என்று இசபெல்லா நினைத்தாள். நினைத்துக்கொண்டே கயிற்றைக் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால், ஓடைக்கரையில், மூன்று பக்கம் ஓலைத் தட்டி வைத்த இடம். அவ்வளவுதான் பெண்களுக்கு. முடித்துவிட்டு எழுந்தபோது தட்டிக்கு வெளியே ஆண் குரல்கள் கேட்டன. லாரி லோடுமேன்கள் இரண்டு பேர் மதில் பக்கம் திரும்பி நின்று, சாவகாசமாக, சினிமாக் கதை பேசிக்கொண்டே ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கட்டை கிடையாது. உலகத்து மதில் எல்லாம் அவர்களுடையது. அவர்களைக் கடந்துதான் ஷெட்டுக்குப் போக வேண்டும். இசபெல்லா தட்டிக்குள்ளேயே நின்றாள். அவர்கள் பீடி பற்றவைத்தார்கள். கதையில் கதாநாயகனுக்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை போலிருந்தது, நின்றுகொண்டே இருந்தார்கள்.

அவள் திரும்பி வந்தபோது ஷெட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. ஐஸ் உடைக்கிறவன்கூடச் சம்மட்டியை நிறுத்தியிருந்தான். மேனேஜர் சாக்கடை வரிசைக்கு முன்னால் நின்றார்.

"எந்திரி."

பேச்சி எழுந்திருக்கவில்லை. ஈரம் படாமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த சாக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பலகைத் துண்டுக்கு அடியிலிருந்து ஒரு ஈரக்கோடு ஐஸ் தண்ணீரோடு கலந்து சாக்கடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"எந்திரின்னு சொல்லுதேன்லா? இது வெளிநாட்டுக்காரன் திங்கிற பண்டம். இங்கன வந்து இந்தக் காரியம் பண்ணியிருக்கியே, நீ பொம்பளையா?"

"கேட்டேன் சார். ரெண்டு மட்டம் கேட்டேன். கட்டை இல்லன்னிய."

"கட்டை வெளிய போயிருந்தா, வாரது வரைக்கும் பொறுக்க முடியாதா? மாடு மாதிரி இருந்த எடத்துலயா?"

"மாட்டை அவுத்து விடுவாவ சார்" என்றாள் பேச்சி.

குழாய்ப் பக்கமிருந்து யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். எதற்குச் சிரித்தாளோ, மேனேஜரைப் பார்த்தோ, பேச்சியைப் பார்த்தோ. சிரிப்பு சிரிப்புதான். பேச்சியின் முகம் அப்போதுதான் உடைந்தது.

மேனேஜர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, அவள் காலையிலிருந்து உரித்து வைத்திருந்த இறாலை எல்லாம் சாக்கடையில் கொட்டச் சொன்னார். தரையை அவளையே கழுவச் சொன்னார். அவள் குனிந்து கழுவி முடித்ததும், "நாளையிலருந்து வராதே" என்றார்.

வெளியே போகும்போது பேச்சி வாசலில் நின்ற இசபெல்லாவைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. அவள் இசபெல்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் கிடந்த சிவப்புக் கட்டையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சாக்கை இறுக்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

"என்ன மலைச்சுப் போய் நிக்கே? கட்டையை மாட்டிட்டுப் போய் ஒக்காரு" என்றார் மேனேஜர்.

இசபெல்லா மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். தலையைக் கிள்ளு, ஓட்டை உரி. வரிசை தப்பியது. கறுப்பு நரம்போடேயே இரண்டு இறால் சட்டிக்குள் போயிற்று. பக்கத்தில் இன்பமணி முணுமுணுத்தாள், "இவ சீக்கிரம் வந்திருந்தா அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதி வந்திருக்காது."

"சீக்கிரம் வந்திருந்தா நாளைக்கு ஒனக்கு வந்திருக்கும்" என்றாள் ஹில்டா. "சிரிச்சது நீதானளா?"

இன்பமணி இன்னும் குனிந்து இறாலை உரித்தாள். அவளுடைய புருஷனை மில்லிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் அவள் ஒருத்தி கைதான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வேண்டுமென்று சிரித்திருக்கமாட்டாள் என்று இசபெல்லா நினைத்தாள். பயத்தில் சிலருக்குச் சிரிப்பு வரும்.

லாரி போன பிறகு முதலாளி சங்கரலிங்கத்தின் கார் வந்தது. பெண்கள் கையைப் படிகாரத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்கள். ஹில்டா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். இரண்டு பேர் பின்னால் போனார்கள். அப்புறம் பத்துப் பேர். இசபெல்லாவும் எழுந்தாள். போகிறவர்களோடு போகிறேனே தவிர நானாகப் போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"என்னம்மா, கூட்டமா வாரிய?" முதலாளி சிரித்த முகமாகத்தான் கேட்டார். "கூட்டம் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியும்லா?"

"கூட்டமில்ல மொதலாளி. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறோம். வழியில நீங்க நிக்கிய" என்றாள் ஹில்டா. "பேச்சியை வேலைக்கு வரக்கூடாதுன்னுட்டாரு மேனேஜர்."

"எந்தப் பேச்சி?"

மேனேஜர் அவர் காதில் சொன்னார். முதலாளி முகத்தைச் சுளித்தார்.

"சீச்சீ. இதைப் பேசவா வந்திய? வெளிய தெரிஞ்சா எவன் எங்கிட்ட சரக்கு எடுப்பான்? கம்பெனி மானம் என்ன ஆவும்?"

"பேச்சி மானம்?"

கேட்டது தான்தான் என்று இசபெல்லாவுக்கு ஒரு கணம் பொறுத்துத்தான் தெரிந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சுட்டது.

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இஞ்ஞாசி மவதானே? படிக்கியாமே. படிக்கிற பிள்ளை பேசுற பேச்சா இது?"

"அவ கேட்டா, கட்டை இல்லை" என்று ஹில்டா குறுக்கே விழுந்தாள். "இம்புட்டுப் பொம்பளைக்கு ஒரு கட்டை. நாங்க காலையில எந்திரிச்சா ஒரு மடக்குத் தண்ணி குடிக்கிறதில்ல மொதலாளி. அந்தக் கட்டையை எடுத்துருங்க. ஒரு நல்ல மறைப்புக் கட்டிக் குடுங்க. பேச்சியைத் திரும்ப எடுத்துக்கிடுங்க. வேற ஒண்ணும் கேக்கலை."

"பங்களா கட்டித் தரவா? கட்டை இருக்கும்போதே பாதி நேரம் வெளியதான் நிக்கிய. எடுத்துட்டா கடல்ல போய்க் குளிச்சுட்டு வருவிய." தன் பேச்சைத் தானே ரசித்து, கார்க் கதவில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னும் கட்டை வேணும்னா ஒங்க வீட்டுலருந்து கொண்டாங்க. மீன்பிடிக்காரப் பொம்பளையதானே? வீடு பூரா அதானே கெடக்கும்!"

மேனேஜர் கைக்குட்டைக்குள் சிரித்தார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. "இனிமேல் இப்படிக் கூடி வந்தா போலீஸ்காரன் மிசாவுல உள்ள தள்ளிருவான். சொல்லலைன்னு சொல்லாதிய" என்றார் மேனேஜர், கார் மறைந்த பிறகு.

சாயங்காலம் வகுப்பில் குடிமையியல். வாத்தியார் தேவதாசன் புத்தகத்தைப் புரட்டி, அடிப்படை உரிமைகள் என்ற பாடத்துக்கு வந்ததும் நான்கைந்து பக்கத்தைச் சேர்த்துத் தள்ளினார்.

"இந்தப் பாடத்தை இந்த வருஷம் விட்டுருங்க. கேள்வி வராது."

"பாடத்தை எடுத்துட்டாங்களா சார்?" என்று கேட்டாள் இசபெல்லா.

"எடுக்கலை. இருக்கு. படிக்க வேண்டாம், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். நல்ல மனுஷர். அவருக்கும் மூன்று பிள்ளைகள்.

இசபெல்லா வீட்டுக்கு வரும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. அப்பா இஞ்ஞாசி முற்றத்தில் பழைய வலையை விரித்துப் போட்டு, கயிற்றிலிருந்து மிதப்புக் கட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். வலை நைந்துவிட்டது, கட்டைகள் புது வலைக்கு ஆகும். சுவரோரம் அவை குவிந்து கிடந்தன. உப்பும் வெயிலும் தின்று, சாம்பல் நிறத்தில், நடுவில் துவாரத்தோடு.

பிறந்ததிலிருந்து பார்க்கிற குவியல்தான். குழந்தையில் அதை அடுக்கி வீடு கட்டி விளையாடியிருக்கிறாள். இன்றைக்கு அதைப் பார்த்து நின்றுவிட்டாள். வீடு பூரா அதானே கெடக்கும்.

ஒன்றை எடுத்தாள். வலைக்கயிற்றில் ஒரு துண்டைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்னளா, கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

முதலாளி சொன்னதையும், நாளைக்கு எல்லாரும் ஆளுக்கொரு கட்டையோடு ஷெட்டுக்குப் போகலாம் என்பதையும் அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல, இது சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறதோ என்று குரல் இறங்கியது. எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் போலீஸ் வரும். இரண்டில் எது மோசம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இஞ்ஞாசி கத்தியைக் கீழே வைத்தார். "வீட்டுலருந்து கொண்டாங்கன்னு அவன் வாயாலயா சொன்னான்?"

"ஆமாப்பா."

"மடையன்" என்றார். "எனக்கு இது பிடிக்கலை. ஒனக்கு வேலை போச்சுன்னா வீடு என்ன கதின்னு ஒனக்கே தெரியும். ஆனா நீ அங்கன தண்ணி குடிக்காமக் கெடக்கேன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது." கத்தியை எடுத்து மறுபடி அறுக்கத் தொடங்கினார். இந்த முறை வேகமாக.

இசபெல்லா தேடிப் போய்ச் சொன்னதும் ஹில்டா தன் வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். பிறகு ஒரு மீன்கூடை எடுத்து வந்தாள். இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள். எல்லார் வீட்டிலும் கட்டை இருந்தது: கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்த கட்டை, கதவு ஆடாமல் இருக்க வைத்த கட்டை, பிள்ளை உருட்டி விளையாடுகிற கட்டை. சிலர் சிரித்துக்கொண்டே தங்களுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைக் கூடையில் போட்டார்கள். சிலர் புருஷனைக் கேட்க வேண்டும் என்றார்கள். ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள். இன்பமணி, "என்னை விட்டுருங்க. என் நெலமை ஒங்களுக்குத் தெரியாதா" என்று கும்பிட்டாள். ஹில்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இசபெல்லா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

உப்பளத்து ஓரத்தில் பேச்சியின் குடிசை. அவள் வாசல் அடுப்பில் நீர்க்கடுப்புக்கு நெருஞ்சிமுள்ளைப் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். காலையில் கட்டியிருந்த சேலை கொடியில் கிடந்தது.

"என்ன, வேடிக்கை பாக்க வந்தியளா? காஞ்சு போச்சு. போங்க."

"பேச்சி, நான் வேணும்னு..." என்று தொடங்கினாள் இசபெல்லா. "லோடுமேன் ரெண்டு பேர் வழியில நின்னாவ..."

"எனக்குத் தெரியாதா? நான் அந்த வழியில போவாதவளா?" பேச்சி அடுப்பை ஊதினாள். புகை கண்ணில் பட்டது. "வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன் பெல்லா. வருவே, வருவேன்னு. அந்த நேரத்துல எனக்கு மேனேசர் மேல ஒரு கோவமும் வரலை. ஒன்னைத்தான் மனசுக்குள்ள அப்படிப் பேசினேன். பேசக்கூடாத பேச்சு எல்லாம் பேசினேன்."

ஹில்டா கூடையைக் கீழே வைத்துச் சங்கதியைச் சொன்னாள். பேச்சி கேட்டுவிட்டு ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நாங்க கடல்ல போறவிய இல்ல. எங்க வீட்டுல இது ஏது?"

"அதுக்குத்தான் கூடை நெறைய கொண்டாந்தோம். ஒங்க பக்கத்துக்குப் பூரா."

"நாங்க சாக்கடை ஓரம் இருக்கும்போது வராத கூடை" என்றாள் பேச்சி.

ஹில்டா கூடையை அவள் பக்கம் நகர்த்தினாள். கூடையை அங்கேயே வைத்துவிட்டு, நாலைந்து கட்டைகளை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு இரண்டு பேரும் திரும்பினார்கள். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ பேச்சி சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலம். கடற்காற்றில் ஐஸ் குளிரும் சேர்ந்து அடித்தது. கடற்கரைத் தெருப் பெண்கள் வழக்கம்போல் வந்தார்கள். பெரும்பாலும் எல்லார் கழுத்திலும் கயிறு, கயிற்றில் கட்டை. வாட்ச்மேன் லாந்தரைத் தூக்கிப் பார்த்தான்.

"ஏளா, என்ன வேஷம் இது?"

"மொதலாளி உத்தரவு" என்றாள் ஹில்டா. "ஒனக்கு வரலையா? ஒன்னைக் கேக்காமயா சொன்னாரு?"

அவன் குழம்பிப்போய் வழிவிட்டான். இசபெல்லா மட்டும் உப்பளப் பாதையோர உடைமரத்துப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. தவறு செய்துவிட்டோம், இது நடக்காது என்று மனசு சொல்லத் தொடங்கியபோது உப்பளத்துப் பாதையில் நிழல்கள் அசைந்தன. பேச்சி முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் சாக்கடை வரிசை முழுவதும். கட்டையை எப்படிக் கோப்பது என்று தெரியாமல் சிலர் பனைநாரில் கட்டியிருந்தார்கள். கூடை பேச்சியின் இடுப்பில் இருந்தது; மீதமிருந்தவை அதில் கிடந்தன.

மேனேஜர் வந்தபோது வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பேச்சியைப் பார்த்தார். கட்டைகளைப் பார்த்தார். பார்வை எங்கே நிற்பது என்று தெரியாமல் வரிசையில் இங்கும் அங்கும் அலைந்தது.

இசபெல்லா எழுந்தாள். முதலில் எழுவது தானாக இருக்க வேண்டும் என்று ராத்திரியே முடிவு செய்து, காலையில் வேண்டாம் என்று மாற்றி, இப்போது எழுந்தாள்.

"எங்க?"

"வெளிய சார்."

"கட்டை?"

அவள் கழுத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு நடந்தாள். அவள் திரும்புவதற்குள் இன்னொருத்தி எழுந்து போனாள். மேனேஜர் ஆணியிலிருந்து சிவப்புக் கட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "இதுதான் கம்பெனிக் கட்டை! இது இல்லாம எவளும் போகப்படாது!"

"அது ஒங்களுக்கு இருக்கட்டும் சார்" என்றாள் ஹில்டா. "நீங்களும் ஒரு அவசரம்னா போவணும்லா?"

இரண்டு வரிசையும் ஒன்றாகச் சிரித்தது. குழாய்ப் பக்கமும் சாக்கடைப் பக்கமும் ஒரே விஷயத்துக்கு ஒரே நேரத்தில் சிரித்ததை இசபெல்லா அதற்கு முன்னால் கேட்டதில்லை.

மேனேஜர் டெலிபோனுக்கு ஓடினார். வெயில் ஏறுவதற்குள் முதலாளியின் கார் வந்தது. இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

"என்ன நாடகம் இது? வேலைநிறுத்தமா?"

"வேலை நிக்கலையே மொதலாளி" என்றாள் ஹில்டா. கையை நிறுத்தாமல்தான் சொன்னாள். "வீட்டுலருந்து கொண்டாங்கன்னிய. கொண்டாந்தோம்."

"கழட்டுங்க. எல்லாரும் கழட்டுங்க."

ஓடு உரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் பொம்பளை எழுந்து வெளிய போகணும் மொதல்ல."

பேச்சி நிமிர்ந்தாள். "போயிட்டுத்தான் மொதலாளி வந்தேன். இப்ப அவசரம் இல்ல."

முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. "போலீஸுக்குச் சொல்லியாச்சு. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. கட்டை போடாத நல்ல பொம்பளைய இதுல யாரு இருக்கியோ, அவிய மட்டும் இருங்க. மத்தவிய இன்னையோட சரி. தெரியுதா? ஏம்மா, நீ போடலைதானே? நீ இரு."

அவர் விரல் இன்பமணியை நோக்கி நீண்டிருந்தது. வரிசை முழுவதும் அவளைப் பார்த்தது. இன்பமணி தலையைக் குனிந்தாள். கையிலிருந்த இறாலை உரித்து முடித்தாள், நரம்பை இழுத்தாள், சட்டியில் போட்டாள். வேலை இருக்கிறது என்று முதலாளியே சொல்லிவிட்டார். அவளுக்கு அது போதும். அதைக் குறைசொல்ல யாருக்கும் வாய் வராது. அவள் புருஷன் சும்மா இருக்கிறான். வீட்டில் நாலு வாய்.

அவள் எழுந்தாள். குழாய் வரிசையிலிருந்து சாக்கடை வரிசைக்கு, ஐஸ் தண்ணீரில் கால் நனைய நடந்து போனாள். பேச்சிக்குப் பக்கத்தில் இருந்த கூடையில் கையை விட்டாள்.

"நேத்து சிரிச்சது நான்தான்" என்றாள்.

"தெரியும்" என்றாள் பேச்சி. கட்டையை எடுத்துத் தானே அவள் கழுத்தில் மாட்டிவிட்டாள். கயிறு நீளம் அதிகம். முடிச்சுப் போட்டுச் சின்னதாக்கினாள்.

முதலாளி எதுவோ கத்தினார். போலீஸ், மிசா, கேஸ், இன்னும் என்னென்னவோ. எல்லாம் நடக்கக்கூடியதுதான் என்று இசபெல்லாவுக்குத் தெரியும். அருமைநாயகத்துக்கு நடந்திருக்கிறது. இன்று சாயங்காலம் இவர்களில் யார் யாருக்கு வேலை இருக்கும், யார் யார் வீட்டுக்குப் போவார்கள் என்று அவளால் சொல்ல முடியவில்லை. செய்தது சரிதானா என்று பக்கத்தில் இருப்பவளைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. தொண்டை வறண்டிருந்தது. நேற்று ராத்திரியிலிருந்து, அதற்கு முந்தின ராத்திரியிலிருந்து, இரண்டு வருஷமாக வறண்டிருந்தது.

அவள் வாசல் பக்கம் போனாள். பானையின் மேலிருந்த தட்டை எடுத்தாள். தட்டின் மேல் தூசி படிந்திருந்தது. பானைக்குள் தண்ணீர் தெளிவாக, குளிர்ச்சியாக இருந்தது. அதிகாரிகளுக்கான தண்ணீர். செம்பு நிறைய முகந்து, முதலாளியின் முன்னாலேயே அண்ணாந்து குடித்தாள். கழுத்தில் கட்டையின் மேல் தண்ணீர் சிந்தியது. செம்பை மறுபடி நிறைத்து ஹில்டாவிடம் கொடுத்தாள். ஹில்டா குடித்துவிட்டுக் கொடுத்தாள். பானையில் நிரம்பி நிரம்பிச் செம்பு குழாய் வரிசை முடிந்து சாக்கடை வரிசைக்குப் போனது. பேச்சி நீளக் குடித்தாள். வாய் வைத்தே குடித்தாள். பிறகு அதே செம்பை இன்பமணியிடம் நீட்டினாள். இன்பமணி வாங்கிக்கொண்டாள்.

மதிலுக்கு வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அடுத்தவள் செம்புக்குக் கையை நீட்டினாள்.